260 நாளில் எழுந்த நேரு ஸ்டேடியம்... சர்வதேச கால்பந்து ஏன் சென்னையைத் தாண்டிப் போகிறது?

அண்ணனூரில் லோக்கல் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். அங்கிருந்து ரிப்பன் மாளிகைப் பக்கமா நடந்தால் பெரியமேடு, ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். (பெயரைப் பார்த்து நேரு பூங்கா மெட்ரோவில் இறங்கிடாதீங்க, அது வேற இடம். சென்ட்ரல் மெட்ரோதான் பக்கம்.) ஆவடி, அம்பத்தூர் பசங்களுக்கு ஒரே ரயிலில் போய்ச் சேரக்கூடிய பெரிய கால்பந்து மைதானம் இது. சுமார் 40,000 பேர் உட்காரலாம் என்ற கணக்கோடு கட்டியது. ஆனா இரண்டு நாடுகள் மோதும் கால்பந்து ஆட்டம் அங்கே நடப்பது அபூர்வம். ஏன்?

முதலில் கொஞ்சம் பழைய கதை. இதே இடத்தில்தான் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்தது. அப்போ அது கிரிக்கெட்டுக்குப் பேர் போனது. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது இங்கேதான். அந்த உலக சாதனை 2008 வரை நின்றது. 1960-களின் நடுவில் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டன.

1993-ல்தான் கால்பந்துக்கு நேரம் வந்தது. ஜெயலலிதா ஆட்சியில் 260 நாளில் புது ஸ்டேடியத்தைக் கட்டி முடித்ததாகச் சொல்வார்கள். அந்த ஆண்டு நேரு கோப்பை சர்வதேசப் போட்டி சென்னைக்கு வந்தது. இறுதி ஆட்டத்தில் ருமேனியாவை 2-0 என வீழ்த்தி வட கொரியா கோப்பையைத் தூக்கியது. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையும் சென்னைதான் நடத்தியது. ஆனா நேரு கோப்பை அதற்குப் பிறகு கொல்கத்தா, கொச்சி, டெல்லி என்று சுற்றியது. சென்னைக்குத் திரும்பவே இல்லை.

திருப்பி அனுப்பப்பட்ட மாணவர்கள்

2012-ல் நடந்ததை இப்போ பலரும் மறந்திருப்பார்கள். கொழும்பு ராயல் கல்லூரி மாணவர்களின் கால்பந்து அணி சென்னை வந்து, நேரு ஸ்டேடியத்தில் சுங்கத்துறை அணியோடு ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. ஈழப் போரின் கடைசிக் கட்டக் கொடுமைகள் தமிழ்நாட்டை உலுக்கியிருந்த நேரம். விஷயம் தெரிந்ததும் மாணவர்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார் முதலமைச்சர் ஜெயலலிதா. மைதானத்தைக் கொடுத்த அதிகாரி சஸ்பெண்ட் ஆனார்.

அடுத்த ஆண்டு இன்னும் பெரிசா வெடித்தது. 2013 ஆசிய தடகளப் போட்டி இதே மைதானத்துக்கு வர வேண்டியது. இலங்கை வீரர்கள் வருவதை ஏற்க முடியாது என்று மாநில அரசு உறுதியாக நின்றது. போட்டி புனேவுக்குப் போனது.

அந்தக் கோபத்துக்கு நியாயம் இருந்தது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனா பள்ளிக்கூடப் பசங்களிடம் அதைக் காட்டியிருக்க வேண்டுமா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. விளையாட்டு நிர்வாகத்தில் இதற்கு ஒரு விலையும் உண்டு. சர்வதேசப் போட்டி நடத்த விரும்பும் நகரம், தகுதி பெறும் எல்லா நாட்டையும் உள்ளே விட வேண்டும். அந்த உறுதி கொடுக்க முடியாத இடத்தை அமைப்புகள் தேடி வராது. 2017-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி, நவி மும்பை, கோவா, கொச்சி, குவஹாத்தி, கொல்கத்தா என ஆறு இடங்கள். சென்னை அதில் இல்லை.

அரசியல் மட்டும்தானா?

இல்லை. மைதானத்தின் வடிவமே ஒரு சிக்கல். சுற்றிலும் தடகள ஓடுபாதை. வழக்கமான 400 மீட்டர் ஓடுபாதைக்குள் கால்பந்துத் திடலை வைத்தால், கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்காருபவருக்கும் கோலுக்கும் இடையே 35 மீட்டராவது இருக்கும். ஆரவாரம் பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஆனா ஓடுபாதையோடு இருக்கும் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில்தான் 2011-ல் மெஸ்ஸி அர்ஜென்டினா அணிக்காக ஆடினார். அதனால் ஓடுபாதை மேல் மட்டும் பழி போட முடியாது.

இந்த மைதானம் மாநில அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துடையது. தடகளம், அரசு விழா, கால்பந்து என எல்லோருக்கும் தேதி பிரித்துக் கொடுக்க வேண்டும். 2014-ல் ஐ.எஸ்.எல். வந்தபிறகு சென்னையின் எஃப்.சி.தான் கால்பந்தை இங்கே உயிரோடு வைத்தது. மட்டராஸி, எலானோ ஆடியது இங்கே. 2015-லும் 2017-18-லும் அணி சாம்பியன். ஆனா 2015 அரையிறுதியின் சொந்த மைதான ஆட்டத்தை வெள்ளம் புனேவுக்குத் தள்ளியது. 2019 ஏ.எஃப்.சி. கோப்பையில் கொழும்பு அணியுடனான 'சொந்த ஊர்' ஆட்டத்தை அகமதாபாத்தில் ஆட வேண்டியதாயிற்று. 2025-ல் ஐ.எஸ்.எல். ஒப்பந்தச் சிக்கலில் லீக்கே நின்றது. சென்னை அணியும் தன் வேலைகளை நிறுத்தி வைத்தது. கிளப் மட்டுமே தாங்கிப் பிடிக்கும் மைதானத்துக்கு, லீக் நின்றால் கால்பந்தும் நிற்கும்.

நிலைமை முழுக்க இருட்டு இல்லை. 2023 பிப்ரவரியில் இந்திய மகளிர் அணி நேபாளத்துடன் இங்கே இரண்டு ஆட்டம் ஆடியது, இரண்டும் டிரா. 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி இதே ஓடுபாதையில் நடந்தது. இலங்கைப் பிள்ளைகளும் வந்து ஓடினார்கள், பதக்கங்களோடு ஊர் திரும்பினார்கள்.