யந்திரமும் மனப்பாடமும்

குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிக்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது. 1993-ஆம் வருஷத்திற்குள் அந்நாட்டின் 50 ராஜ்யங்களிலும் அது சட்டபூர்வமாயிற்று. அவ்வாறு கற்பிக்கும் குடும்பங்களில் ஒரு சாரார் பழைய கல்வி முறையைப் போற்றுகிறவர்கள். டாரதி ஸேயர்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1947-ல் ஆக்ஸ்போர்டில் நிகழ்த்திய சொற்பொழிவு இவர்களுக்கு வழிகாட்டியாக விளங்குகிறது. இளம் பிராயத்துக் குழந்தை கிளிப்பிள்ளையைப் போல் ஒப்பிப்பதில் இன்பம் காண்கிறது. ஆதலின் அப்பருவமே மனப்பாடத்திற்கு உரியது என்பது அவரது வாதம். இதை ஏற்ற வீடுகளில் லத்தீன் விகுதிகளும், பெருக்கல் வாய்பாடும், சரித்திர வருஷங்களும், கவிதைகளும் நாள்தோறும் நெட்டுருச் செய்விக்கப்படுகின்றன. இப்போது அவ்வேலையில் ஒரு பகுதியைக் கம்ப்யூட்டரிடமும் கைபேசியிடமும் ஒப்புவிக்கும் பழக்கம் புகுந்திருக்கிறது. எண்சுவடியையும் ஆத்திசூடியையும் திண்ணைப் பள்ளியில் உரக்கச் சொல்லி வளர்ந்த பரம்பரையினராகிய நாம், இதில் கொள்ளத் தக்கது எது, தள்ளத் தக்கது எது என்று ஆராய்வது பொருத்தமே.

இந்த மென்பொருள்களின் தத்துவம் புதியதன்று. கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹவுஸ் தம்மையே சோதித்து, 1885-ல் நூலாக வெளியிட்டார். மறக்கும் தறுவாயில் ஒரு முறை நினைவூட்டினால் ஞாபகம் உறுதிப்படும். அடுத்த நினைவூட்டலுக்கு இன்னும் நீண்ட இடைவெளி விடலாம். இதை அனுசரித்து 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் அட்டைப் பெட்டி முறையொன்றை விளக்கினார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறிய அட்டை முதல் அறைக்குத் திரும்பும். 2006-ல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ‘ஆன்கி’ போன்ற மென்பொருள்கள், எந்த அட்டையை எந்த நாளில் காட்டுவது என்னும் கணக்கைத் தாமே வைத்துக்கொள்கின்றன. ‘ஆன்கி’யைக் கம்ப்யூட்டரில் விலையின்றியே பெறலாம்.

இம்முறையால் பயன் உண்டு என்பதில் ஐயமில்லை. ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளநூலார் 2006-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்றைக் காண்க. ஒரு சிறு கட்டுரையை நான்கு முறை படித்த மாணவர்கள், 5 நிமிஷத்திற்குப் பின் அதில் 83 சதவிகிதத்தை நினைவுகூர்ந்தனர். ஒரே முறை படித்து, மூன்று முறை பாராமல் எழுதியவர்களோ 71 சதவிகிதமே கூறினர். ஆனால் ஒரு வாரம் கழிந்ததும் முன்னவரிடம் 40 சதவிகிதமும் பின்னவரிடம் 61 சதவிகிதமும் எஞ்சின. ஏட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைக் காட்டிலும், ஏட்டை மூடி ஒப்பிப்பதே நிலைக்கும் என்பது இதனால் விளங்குகிறது. பாடத்தை ஒப்புவிக்கச் செய்த நமது பழைய உபாத்தியாயர்கள் இவ்விஷயத்தில் பிழைபடவில்லை.

எனினும், கணக்கு வைக்கும் யந்திரத்தை ஆசான் என்று மயங்குதல் கூடாது. ஏழெட்டு எவ்வளவு என்று அட்டை கேட்கிறது. 56 என்று குழந்தை விடை கூறுகிறது. எட்டெட்டாக ஏழு வரிசை புளியங்கொட்டைகளை அடுக்கிக் காட்ட அக்குழந்தைக்குத் தெரியுமா என்பதை யந்திரம் அறியாது. பொருள் விளங்காத சொல்லையும் அது தவணை தவறாமல் மனத்தில் பதித்துவிடும். மேலும், விடை நினைவிற்கு வந்ததா இல்லையா என்பதைத் தெரிவிக்கும் பொத்தானைக் குழந்தையே அழுத்துகிறது. விளையாடப் போகும் அவசரத்தில் ‘எளிது’ என்று அழுத்திவிட்டால், பொய்க் கணக்கின் மேல் மறுகணக்கு எழுதப்படும். பக்கத்தில் அமர்ந்து கேட்கும் தாய்க்கு முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் உண்மை புலப்படும்; யந்திரத்திற்குப் புலப்படாது.

பெற்றோரின் பேராசை இதனினும் பெரிய அபாயம். ‘ஆன்கி’யின் இயல்பான ஏற்பாட்டில் நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் வரலாம். அப்படியே விட்டால் ஒரு மாதத்தில் 600 அட்டைகள் சேரும். பழையன திரும்பி வந்துகொண்டே இருக்கும். பத்து நாள் காய்ச்சலில் படுத்து எழுந்த குழந்தையின் முன் அவை கடன்காரரைப் போல் வரிசையாக நிற்கும். கல்வியின் மீது அக்குழந்தைக்கு வெறுப்புப் பிறந்தால் குற்றம் யாருடையது? நாளைக்கு 5 அட்டைகள் வீதம் 300 நாள் பயின்றாலும் 1,500 செய்திகள் சேர்கின்றன. இளம் பிராயத்திற்கு அதுவே அதிகம்.

விரல் நுனியில் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் காட்டும்போது மனப்பாடமே எதற்கு என்று கேட்பவர்களும் உளர். அவர்களுடைய கட்சியும் நமக்கு உடன்பாடன்று. களஞ்சியம் அயலாரிடம் இருக்கும்போது நம் வீட்டு அடுப்பில் உலை ஏறுமா? ஒன்றோடொன்றை ஒப்பிட்டு நோக்கவும், பிறர் கூற்றைச் சோதிக்கவும், சில செய்திகள் நம் உள்ளத்திலேயே இருத்தல் இன்றியமையாதது.

ஆதலின் நாம் கூறுவது இதுதான். திண்ணைப் பள்ளியில் வாத்தியாரும் இருந்தார். சிறுவர்களின் பாடத்தைக் கேட்கச் சட்டாம்பிள்ளையும் இருந்தான். யந்திரம் சட்டாம்பிள்ளையாக இருக்கட்டும். வாத்தியார் ஸ்தானத்தில் அதை அமர்த்த வேண்டாம். பிறர் தொகுத்த அட்டைகளை ஆயிரக்கணக்கில் இறக்கிக் கொள்ளாமல், குழந்தை பொருள் உணர்ந்த செய்தியை மட்டும் குழந்தையோடு சேர்ந்தே எழுதுக. ஓர் அட்டைக்கு ஒரு கேள்வி போதும். செய்யுளைத் துண்டு துண்டாக அட்டையில் அடக்காது, முழுதும் வாய்விட்டு ஓசையுடன் சொல்லச் செய்க. நாளொன்றுக்குக் கால் மணி நேரத்திற்கு மேல் திரையின் முன் இருத்த வேண்டாம். எந்த நாளில் நினைவூட்டுவது என்பதை யந்திரம் சொல்லட்டும். எதை நினைவில் வைக்க வேண்டும், எதற்காக வைக்க வேண்டும் என்பதைச் சொல்லும் பொறுப்பு பெற்றோருடையது. அதை எந்த யந்திரத்தின் தலையிலும் சுமத்த இயலாது.