லாபம் கம்பெனிக்கு, விஷத் தண்ணீர் மக்களுக்கா?

அமெரிக்காவில் ஐயோவா என்றொரு மாநிலம். அந்நாட்டில் மக்காச்சோளம் மிக அதிகமாக விளைவது அங்கேதான். அதன் தலைநகரான டி மொயினில் 2025 ஜூன் மாதம், புல்தரைக்குத் தண்ணீர் விடக்கூடாது என்று தடை போட்டார்கள். ஆறு வற்றிவிட்டதா? இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடிற்று. அதோடு நைட்ரேட்டும் ஓடிற்று! அதைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்களால் ஊரின் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை.

இந்த விஷம் எங்கிருந்து வந்தது? மக்காச்சோளம் தழைச்சத்தை ஏராளமாகக் கேட்கும் பயிர். போட்ட உரத்தில் பயிர் எடுத்தது போக மிச்சம் நைட்ரேட்டாகி மழைநீரில் கரைகிறது. வயலுக்கு அடியில் புதைத்த வடிகால் குழாய்கள் அதை ஓடைக்கும், ரக்கூன் ஆற்றுக்கும் கொண்டு சேர்க்கின்றன. அங்கிருந்து மிசிசிப்பி, அப்புறம் மெக்சிகோ வளைகுடா. 2017 கோடையில் அந்தக் கடலில் சுமார் 22,700 சதுர கிலோமீட்டர் பரப்பு பிராணவாயு வற்றிக் கிடந்தது.

செலவு யார் தலையில்? நைட்ரேட்டைப் பிரிக்கும் நிலையத்தை டி மொயின் குடிநீர் நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே நிறுவியது. அதற்குப் பணம் கட்டுவது தண்ணீர்க் கட்டணம் செலுத்தும் உழைப்பாளி மக்கள். 2015ல் அந்நிறுவனம் மூன்று மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குப் போட்டது. 2017ல் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. 1972ஆம் ஆண்டின் தண்ணீர்ச் சட்டம் ஆலைக் குழாய்க்கு அனுமதிச் சீட்டு கேட்கிறது. வயலிலிருந்து வடியும் நீருக்கோ விலக்கு!

"தாமாக முன்வந்து திருந்துவார்கள்" என்பதுதான் 2013ல் அம்மாநில சர்க்கார் வகுத்த திட்டத்தின் சாரம். நாம் கேட்கிறோம்: ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த மில் தொழிலாளியிடம் எந்த முதலாளியாவது இப்படிச் சொன்னதுண்டா? கூலியை அல்லவா வெட்டுகிறான்!

உழுபவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் தயாரில்லை. விதைக்கும் உரத்துக்கும் விலை வைப்பது கம்பெனி. விளைந்ததற்கு விலை வைப்பதும் அவன் அல்ல. 2005லும் 2007லும் அமெரிக்க சர்க்கார் பெட்ரோலில் எத்தனால் கலக்கச் சட்டம் போட்டது. இன்று அங்கே விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது. லாபம் மேலே போகிறது. நைட்ரேட் கீழே வருகிறது.

தோழர்களே, இது தூரத்துக் கதை அல்ல. பெரம்பலூர்ச் சீமையின் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளம் நிறைந்து நிற்கிறது. நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவனம் வேண்டும்; இப்போது நம் நாட்டு எத்தனால் ஆலைகளும் இதே தானியத்தைக் கேட்கின்றன. களை எடுக்கும் பெண் தாகத்துக்கு இறைப்பது வயல் கிணற்றுத் தண்ணீரை. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டு விதி. அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் செறியும். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் உடல் நீலம் பாய்ந்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு ஊர்க் கிணற்று நீரையும் மழைக்கு முன்னும் பின்னும் சோதனை செய்! முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுது! மண் சோதனையைச் சிறு விவசாயிக்கு இலவசமாக்கு! சுத்திகரிக்கும் செலவை லாபம் அடிப்பவனிடம் வசூல் செய்!

கிராம சபையில் இதை எழுப்புங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைத் தொழிற்சங்கமும் ஒன்றாக நின்று எழுப்புங்கள். கிணறு கெட்டபின் அழுது பயனில்லை, கெடுமுன் போராடுவோம்!