பாசியும் கல்லும்

பாசிக்குடாவுக்கு வருவோர் முழங்காலளவு நீரில் வெகுதூரம் நடந்து மகிழ்கிறார்கள். கடலை அவ்வாறு அடக்கி வைத்திருக்கும் முருகைக்கற்களைப் பற்றி விசாரிப்பவர் குறைவு.

பெயரிலேயே விடயம் இருக்கிறது. இங்கே பாசி; அயலிலே கல்குடா. முருகை என்பது கல்போன்ற கூடு கட்டும் சிற்றுயிர். அதன் உடலுக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. சூரிய ஒளியில் அப்பாசி ஆக்கும் உணவே முருகையின் சக்தித் தேவையில் 90 வீதம் வரை ஈடுசெய்கிறது. கோடையின் வழமையான உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகை செல்சியசு கூடி, சில வாரங்கள் நீடித்தாலே முருகை அந்தப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. கல் வெளிறுகிறது. பிறகு பட்டினிதான்.

எமது புகையினால் புவியில் தேங்கும் மேலதிக வெப்பத்தில் 90 வீதத்துக்கும் மேல் கடலே ஏற்றுக்கொள்கிறது. 1998இல் ஹிக்கடுவையின் முருகைகள் வெளிறியபோது அதை நான் சுற்றுலாச் செய்தி என்றே கருதினேன். (பத்திரிகைக்காரனின் பழைய நோய்!) 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் அறிவிக்கப்பட்டது.

யுத்தம் முடிந்தபின் இக்கரையில் விடுதிகள் எழுந்தன. குடாவின் நீர் வெப்பத்தை நாள்தோறும் அளந்து, கரையிலே தமிழில் எழுதிவைக்க எவ்வளவு செலவாகிவிடும்? வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, மாணவர் இருக்கிறார்கள். ஒரு வெப்பமானியும் கரும்பலகையும் போதுமே. முருகை அழிந்தால் மீன்குஞ்சுகளுக்கு ஒதுங்க இடமில்லை. வலை வெறுமையாவதைக் கண்டு காரணம் தேட வேண்டியவர்கள் இங்குள்ள மீனவர்கள். அவர்களுக்கு அந்த எண் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.