கண் புற்றுநோய் குணமாயிடுச்சு... ஆனா ஃபைலைத் தூக்கிப் போடலாமா? பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஆபரேஷன் முடிந்தது. கீமோவும் முடிந்தது. குழந்தை பள்ளிக்கூடம் போகிறது. 'இனிமே ஆஸ்பத்திரி எதுக்கு?' என்று குடும்பம் நினைப்பது இயல்புதான். ஆனால் 'ரெட்டினோபிளாஸ்டோமா' எனும் குழந்தைகளின் கண் புற்றுநோயில், சிகிச்சை முடிந்தாலும் கண்காணிப்பு முடிவதில்லை.

என்ன நோய் இது?

விழித்திரையில் உருவாகும் புற்றுநோய். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் கண்மணி வெள்ளையாகத் தெரிவதும், மாறுகண்ணும் முக்கிய அறிகுறிகள். சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம்.

அப்புறம் ஏன் பயம்?

காரணம், ஆர்பி1 என்ற மரபணு. செல்கள் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பிரேக் இது. சுமார் 40 சதவீதக் குழந்தைகளுக்கு இந்தக் கோளாறு பிறவியிலேயே உடல் முழுவதும் இருக்கும். ரெண்டு கண்ணிலும் கட்டி வந்த எல்லோரும், ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களில் சிலரும் இந்த வகை. கண் குணமானாலும் மற்ற உறுப்புகளில் பிரேக் பலவீனமாகவே இருக்கும்.

அமெரிக்காவில் நோயிலிருந்து மீண்ட சுமார் 1,600 பேரை ஆராய்ந்து 2005-ல் வெளியான ஆய்வின்படி, 50 ஆண்டுகளில் வேறொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு பரம்பரை வகையினருக்கு 36 சதவீதம். மற்றவர்களுக்கு 6 சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் காலத்தில் பலருக்குக் கொடுக்கப்பட்ட கதிர்வீச்சு, ஆபத்தைக் கூட்டியது. இப்போது முடிந்தவரை அதைத் தவிர்க்கிறார்கள்.

எதைக் கவனிக்கணும்?

* டீன் ஏஜில் முழங்கால் பக்கம் விடாத வலி, வீக்கம். 'வளர்ற வயசு, அப்படித்தான்' என்று விட்டுவிடக் கூடாது. எலும்புப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும்.
* தோலில் புதிய மச்சம், உடலில் புதுக் கட்டி.
* சில கீமோ மருந்துகளால் காது கேட்கும் திறன் குறையலாம்.
* செயற்கைக் கண் வைத்திருந்தால், முகம் வளர வளர அதையும் மாற்ற வேண்டும். நல்ல கண்ணுக்கு எப்போதும் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.
* தேவையில்லாத சிடி ஸ்கேன், புகை ரெண்டும் வேண்டாம்.

பெரும்பாக்கம் போன்ற இடங்களில் என்ன சிக்கல்?

கூவம், அடையாறு கரைகளிலிருந்து வந்த குடும்பங்கள் வாழும் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 20 கிலோமீட்டருக்கும் மேல். குழந்தையோடு போய் வந்தால் ஒருநாள் கூலி போச்சு. வீடு மாறும்போது பழைய ஃபைல் தொலைந்தால், பத்து வருஷம் கழித்து கால் வலிக்குப் பார்க்கும் டாக்டருக்கு அந்தக் கண் நோய் பற்றியே தெரியாமல் போகலாம்.

இன்னொன்று: ஒரு கண் முழுதும் போய், மறு கண் நன்றாக இருந்தால், மத்திய அரசு வழிகாட்டுதல்படி ஊனம் 30 சதவீதம்தான். அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும். கண்ணை இழந்தும் அந்தச் சலுகை கிடையாது.

கல்யாணம், குழந்தை?

தாராளமாகச் செய்துகொள்ளலாம். ஆனால் பரம்பரை வகை என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்த மரபணுக் கோளாறு போக 50 சதவீத வாய்ப்பு. மரபணு ஆலோசனை பெற்று, குழந்தை பிறந்தவுடனே கண் பரிசோதனை செய்தால், கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம். பார்வையையும் காப்பாற்றலாம்.

இப்போ என்ன செய்யலாம்?

டிஸ்சார்ஜ் சம்மரி, கீமோ மருந்துகளின் பெயர், கதிர்வீச்சு கொடுத்தார்களா, மரபணுப் பரிசோதனை முடிவு. இந்த நாலையும் போட்டோ எடுத்து ரெண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். குழந்தை வளர்ந்ததும் அதனிடமே விஷயத்தைச் சொல்லுங்கள். ரெண்டு வயதில் நடந்த சிகிச்சை அதற்கு ஞாபகம் இருக்காது. ஆனால் இருபது வயதில் எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.