அந்தத் தாடிக்காரர் கருவூர்த் தேவர் என்று யார் சொன்னது?

தஞ்சைப் பெரிய கோயில் ஓவியம் என்றதும் நம் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ஒரே படம்தான். வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால், தலைமுடியை உயர்த்திக் கட்டிய ஓர் இளைஞர். "ராஜராஜ சோழனும் அவர் குரு கருவூர்த் தேவரும்." காலண்டர், ஃப்ளெக்ஸ் போர்டு, வாட்ஸ்அப் ஃபார்வர்டு... எங்கே பார்த்தாலும் இதே பெயர்.

யார் சொன்னது?

ஓவியத்தின் கீழே பெயர் எழுதியிருக்கிறதா? இல்லை. இன்னாரை வரைந்தோம் என்று கல்வெட்டு இருக்கிறதா? கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு, ஆனால் இதற்கு ஒரு வரி கிடையாது. நான் காமர்ஸ் படிப்பவன். வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போட்டால் முதல் வருஷத்திலேயே காது திருகுவார்கள். இங்கே என்ட்ரி மட்டும்தான் இருக்கிறது. வவுச்சரைக் கேட்டால் "தமிழ்த் துரோகி" என்கிறார்கள் :-)

இந்தப் பெயர் எப்படி வந்திருக்கும் என்று பிரித்துப் பார்ப்போம். கருவறையைச் சுற்றிய உள் திருச்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அதிலே தாடி வைத்த ஒருவர். தாடி இருந்தால் முனிவர். முனிவர் என்றால் குரு. பின்னால் நிற்பவர் சீடர். கோயில் கட்டியது ராஜராஜன், ஆகவே சீடர் ராஜராஜன். இந்தக் கோயிலைப் பாடியவர் கருவூர்த் தேவர், ஆகவே குரு அவர்தான். ஐந்து படி, ஐந்தும் ஊகம். கடைசிப் படியில் நின்றுகொண்டு "வரலாற்றுச் சான்று" என்கிறோம்.

கணக்கும் உதைக்கிறது. ராஜராஜன் பட்டத்துக்கு வந்தது 985-ல். கோயில் முடிந்தது 1010-ல். 25 வருஷம் ஆண்ட ராஜா இப்படி இளவட்டமாகவா இருப்பார்? ஓவியன் அழகுக்காக இளமையாக வரைந்திருப்பான் என்பீர்கள். சரி, அப்படியானால் அது அவர் முகம் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. இன்னொன்று. கருவூர்த் தேவர் ராஜேந்திரன் கட்டிய கங்கைகொண்ட சோழீச்சரத்தையும் பாடியிருக்கிறார். 1010 வாக்கிலேயே தாடி வெளுத்துப்போனவர் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்து அந்தக் கோயிலைப் பாடியிருக்க வேண்டும். நடக்காது என்று சொல்லவில்லை. ஆனால் சுலபமாகப் பொருந்தவும் இல்லை. பெரிய கோயில் கல்வெட்டுகளில் சைவ ஆசாரியராக வருகிற பெயரோ ஈசான சிவ பண்டிதர். அவருக்கு ஏன் தாடி ஒட்டவில்லை? அவர் பெயர் காலண்டர்காரருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படத்துக்குள் ரகசியம் தேடும் வியாதி நமக்கு மட்டும் இருப்பது இல்லை. வெள்ளைக்காரனுக்கும் இருந்தது, அதுவும் முற்றிப்போய். யான் வான் ஐக் என்ற ஓவியர் 1434-ல் புரூஜ் நகரத்தில் (இன்றைய பெல்ஜியம்) ஆர்னோல்ஃபினி என்ற இத்தாலிய வியாபாரியையும் ஒரு பெண்ணையும் வரைந்தார். படம் இப்போது லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. ஓர் அறை, கைகோத்து நிற்கிற ஆண் பெண், காலடியில் குட்டி நாய், கழற்றிப் போட்ட மரச்செருப்பு, சரவிளக்கில் ஒரே ஒரு மெழுகுவர்த்தி, பின்சுவரில் கண்ணாடி. சரியாக 500 வருஷம் கழித்து, 1934-ல், எர்வின் பனோஃப்ஸ்கி என்ற பெரிய அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். இது கல்யாணச் சான்றிதழாம். நாய் என்றால் விசுவாசம். மெழுகுவர்த்தி என்றால் எல்லாம் பார்க்கும் கடவுள். செருப்பைக் கழற்றியிருந்தால் அது புனிதமான இடம். (அந்தக் கணக்கில் நம் வீட்டு வாசல் எல்லாமே புனித ஸ்தலம்தான்.) ஒன்றுக்கொன்று பொருந்தியதால் ஊரே நம்பியது.

பிறகு 1990-களில் ஒரு பழைய ஆவணம் கிடைத்தது. படத்தில் இருப்பவர் என்று நம்பப்பட்ட ஆர்னோல்ஃபினிக்குக் கல்யாணம் நடந்தது 1447-ல்! படம் வரைந்து 13 வருஷம் கழித்து. வான் ஐக் 1441-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அகச்சிவப்புக் கதிரில் படம் பிடித்துப் பார்த்தால் அடிக்கோட்டில் நாய் இல்லை, சரவிளக்கு இல்லை, செருப்பும் இல்லை. எல்லாம் வண்ணம் தீட்டும்போது பிற்பாடு வந்து சேர்ந்தவை. முதலிலேயே திட்டம் போட்டு ஒளித்து வைத்த ரகசியம் என்ற பேச்சு அங்கேயே ஆட்டம் கண்டுவிட்டது. அந்தப் பெண் கர்ப்பிணி என்று இன்னும் யூடியூபில் அடித்து விடுகிறார்கள். பாவாடைத் துணியை முன்னால் அள்ளிப் பிடிப்பது அந்தக் கால ஃபேஷன். அதே ஓவியர் கன்னியான புனித கேத்தரினையும் அப்படித்தான் வரைந்திருக்கிறார்.

அப்படியென்றால் குறியீடே கிடையாதா என்று சண்டைக்கு வராதீர்கள். உண்டு. எங்கள் திருவேட்டக்குடியில் சிவன் வேடனாக இருக்கிறார், அம்மன் வேட்டுவச்சி. மாசி மகத்துக்கு வேடமூர்த்தி கடற்கரைக்கு வருவார். வில்லைப் பார்த்தவுடன் அர்ஜுனன் கதை என்று மீன்பிடிக்கப் போகிறவருக்கும் தெரியும், வடை விற்கிற ஆயாவுக்கும் தெரியும். காரைக்கால் அம்மையார் என்றால் எலும்பும் தோலுமான உடம்பு, கையில் தாளம். நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் வைத்தாலும் அது அம்மையார்தான். செய்தவன், கும்பிட்டவன் இரண்டு பேருக்கும் தெரிந்த பொது பாஷை அது. ஆர்னோல்ஃபினி படத்துக் கண்ணாடிச் சட்டத்தில் ஏசுவின் பாடுகளை 10 குட்டி வட்டங்களில் வரைந்திருப்பதும் அப்படித்தான், கிறிஸ்தவர் யாரும் படித்துவிடலாம். ஆனால் தாடி ஒரு பாஷை இல்லை. தாடி வெறும் தாடி.

சோழர்களுக்குப் பெயர் எழுதி வைக்கத் தெரியாதா என்ன? கோனேரிராஜபுரத்தில் கண்டராதித்தர் சிவனைக் கும்பிடுகிற சிற்பம் இருக்கிறது. இது அவர்தான் என்று அங்கேயே கல்வெட்டும் இருக்கிறது. தாராசுரத்தில் நாயன்மார் கதைகளுக்குக் குட்டிக் குட்டியாகப் பெயர் வெட்டியிருக்கிறார்கள். பெரிய கோயிலிலேயே, ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற அதிகாரி ராஜராஜனுக்கும் லோகமாதேவிக்கும் செப்புத் திருமேனி செய்து வைத்ததை, உயரம் இத்தனை முழம் இத்தனை விரல் என்று கல்லில் வெட்டியிருக்கிறார். சுத்தமான ஸ்டாக் ரெஜிஸ்டர்! 2018-ல் அகமதாபாத் காலிகோ மியூசியத்திலிருந்து அந்தச் சிலைகள்தான் என்று இரண்டைக் கொண்டுவந்தார்களே, அதைப் பற்றி ஒருவர் ஆம் என்றோ இல்லை என்றோ அர்த்தத்தோடு வாதாட முடிவது இந்தப் பதிவினால்தான். அளக்கலாம். தாடியை எதை வைத்து அளப்பது?

இதிலே பெரிய வேடிக்கை அதே உள் திருச்சுற்றில் இருக்கிறது. அங்கே சுந்தரர் கதை வரைந்திருக்கிறார்கள். கல்யாணத்தன்று கிழவர் ஒருவர் வந்து "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை இதோ" என்கிறார். சுந்தரர் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அது நகல்தான் என்று கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் பாட்டன் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சாட்சாத் சிவன், அவரிடமே ஆவணம் கேட்ட சபை! அந்தக் கதை வரைந்த சுற்றில் நின்றுகொண்டு நாம் ஆவணம் இல்லாமல் பெயர் வைக்கிறோம்.

பக்கத்தில் நடராஜரைக் கும்பிடும் அரசர் ஒருவர் இருக்கிறார். அவரை ராஜராஜன் என்போரும் உண்டு, சுந்தரரின் தோழர் சேரமான் பெருமாள் என்போரும் உண்டு. இந்தச் சண்டை நல்ல சண்டை, சுவரில் இருப்பதை வைத்துப் போடுகிற சண்டை. தாடிக்காரர் விஷயத்தில் அதுகூட வெளியே வருவதில்லை. ஏனென்றால் அந்த இளைஞர் முகம் இப்போது சொத்து. சதய விழா வந்தால் ஆளாளுக்குத் தங்கள் சாதிப் பட்டத்தைப் போட்டு அதே முகத்தைப் போஸ்டரில் அடிக்கிறார்கள். பெயர் ஊகம் என்று ஒப்புக்கொண்டால் போஸ்டர் என்னாவது? இத்தனை அமளியில், ஈரச் சுண்ணாம்பு காய்வதற்குள் அந்தக் கண் இமையை ஒரே கோட்டில் இழுத்தானே, அந்த ஓவியன் யார் என்று கேட்க நாதி இல்லை.

நேஷனல் கேலரி தன் படத்தின் பெயரை எப்படி எழுதியிருக்கிறது தெரியுமா? ஜோவன்னி என்று போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு கேள்விக்குறி, அப்புறம் ஆர்னோல்ஃபினியும் அவர் மனைவியும். தலைப்பிலேயே கேள்விக்குறி! கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. தஞ்சாவூரிலும், அடுத்து அச்சடிக்கிற புத்தகத்திலும், "சோழர் கால ஓவியம், முதியவரும் இளைஞரும்" என்று போட்டுவிட்டு, கருவூர்த் தேவர், ராஜராஜன் என்ற பெயர்களை அதன் கீழே ஒரு கேள்விக்குறியோடு போடுங்கள். அச்சுக்கூலி கூட ஏறாது.