பகிடியும் வதையும்

'பகிடிவதை' என்ற சொல்லில் பகிடி முன்னும் வதை பின்னும் நிற்கின்றன. எமது சமூகமோ முற்பாதியை மட்டுமே உரக்கச் சொல்லிப் பழகிவிட்டது.

1975 ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழக விடுதியொன்றில், மூத்த மாணவரின் கொடுமைக்குத் தப்புவதற்காக மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடக்கும் ஆற்றலை இழந்தார். பல ஆண்டுகளின் பின்னர் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்ற தமிழ் மாணவர் ஒருவர், அளவுக்கு மீறி உடற்பயிற்சி செய்யுமாறு வற்புறுத்தப்பட்டதால் சிறுநீரகங்கள் செயலிழந்து மாண்டார். மறு ஆண்டே 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் நிறைவேறியது.

உடற்காயத்தை மட்டுமன்றி உளக்காயத்தையும் மனவேதனையையும் அச்சத்தையும் அச்சட்டம் குற்றத்தின் வரைவிலக்கணத்துள் அடக்கியது. சட்டம் கண்டதை நாம் இன்னும் காணவில்லை. எலும்பு முறிந்தால் செய்தி. உயிர் போனால் தலைப்புச் செய்தி. கதவு தட்டப்படும் ஓசைக்கே உடல் பதறி, இரவெல்லாம் உறங்காது, விரிவுரையில் ஒரு வரியும் மனத்தில் ஏறாது தவிக்கும் பிள்ளைக்கு எந்தப் பத்திரிகையிலும் இடமில்லை.

வதைப்பவர் தெருவில் எதிர்ப்பட்ட அந்நியர் அல்லர். ஒரே விடுதியில், ஒரே உணவுச்சாலையில் முகம்கொடுத்தே ஆக வேண்டியவர். அடிபணிய மறுத்தால் சக மாணவரே ஒதுக்கிவைப்பர். வீட்டிலாவது சொல்லலாமா? உயர்தரப் பரீட்சையில் சித்தியெய்தியமைக்காக ஊரே கூடி வழியனுப்பிய பிள்ளை, எந்த முகத்துடன் மூன்றாம் மாதமே திரும்புவது? தயங்கித் தயங்கித் தொலைபேசியில் சொன்னாலும், "கொஞ்ச நாளைக்குப் பொறு தம்பி, எல்லாருக்கும் நடக்கிறதுதானே" என்பதே மறுமொழி. பொறுத்துக்கொண்டவருள் சிலர் அடுத்த ஆண்டு தாமே வதைப்பவராகின்றனர். இதனைச் சமத்துவம் கற்பிக்கும் மரபு என்று வாதிடுவோரும் உளர். சமத்துவத்தை ஏன் நள்ளிரவில், பூட்டிய அறையில் கற்பிக்க வேண்டும்?

2025 ஏப்ரலில் சப்ரகமுவ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தமது உயிரை மாய்த்துக்கொண்டார். பகிடிவதைக் குற்றச்சாட்டில் மாணவர் பலர் கைதாகினர். கைதுகள் அவசியமே. ஆனால், உயிரோடிருந்து உள்ளூர நொறுங்குவோர் யாரிடம் போவது? மாணவ ஆலோசகர்களாக நியமிக்கப்படுவோர் பெரும்பாலும் விரிவுரையாளர்களே. நாளை தமது விடைத்தாளைத் திருத்தப்போகிறவரிடம் ஒரு மாணவி எதைத்தான் மனந்திறந்து சொல்வாள்? ஒழுக்காற்று விசாரணையுடன் தொடர்பற்ற, தகுதிபெற்ற உளவளத்துணையாளர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தேவை. தென்னிலங்கை வளாகங்களில், தமிழ் பேசத் தெரிந்த ஒருவரேனும் அவர்களுள் இருந்தாக வேண்டும்.