ஊமைக்காயமும் 'ஒன்றுமில்லை' என்னும் தீர்ப்பும்

தற்காப்புக் கலை பயிலும் நம் பிள்ளைகளின் எலும்புகளை மூன்று தரப்பினர் சேர்ந்து பாழாக்குகிறார்கள். அடிபட்ட இடத்திலேயே மறுபடியும் அடிவாங்கச் சொல்லும் பயிற்சியாளர் முதலாமவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவைக்கும் மருத்துவர் இரண்டாமவர். வர்மக்கலையின் தொன்மை குறித்துக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்துவிட்டு, அக்கலையைப் பயிலும் ஒரு பிள்ளையின் கணைக்காலைக்கூடக் குனிந்து பார்க்காத கல்விப்புலத்தார் மூன்றாமவர். இம்மூவருள் எவருக்கும் தீய நோக்கமில்லை. ஆனாலும் விளைவு தீயதாகவே இருக்கிறது.

பேசுபொருளை முதலில் வரையறுத்துவிடுகிறேன். தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் சிலம்பமோ கராத்தேயோ முவாய் தாயோ பயிலும் இளைஞர்களிடம் கேட்டால், முன்கையிலோ கணைக்காலிலோ வாரக்கணக்கில் ஆறாத ஒரு வலியைப் பற்றிச் சொல்வார்கள். கம்பு பட்டிருக்கும், அல்லது காலும் காலும் மோதியிருக்கும். தோலில் தோன்றிய நீலம் சில நாளில் மறைந்துவிடும். விரலால் ஒரு புள்ளியில் அழுத்தினால் மட்டும் உயிர் போகும். எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாது. மருத்துவம் இதை எலும்புக் கன்றல் என்கிறது.

எலும்பு உள்வரை ஒரே திண்மையாக இருக்கும் கல் அன்று. வெளியே இரத்தக்குழாய்களும் நரம்புகளும் நிறைந்த மெல்லிய உறை. அதன்கீழே கெட்டியான ஓடு. உள்ளே கடற்பஞ்சு போன்ற வலைப்பின்னல். அதன் இடைவெளிகளில் மச்சை. பலத்த அடி விழும்போது ஓடு உடையாமல் தாங்கிக்கொண்டாலும், உள்ளிருக்கும் வலைப்பின்னலில் நுண்ணிய முறிவுகள் நேரலாம். அங்கே இரத்தமும் நீரும் கசிந்து தேங்கும். சில வேளைகளில் உறைக்கும் ஓட்டுக்கும் இடையிலும் இரத்தம் கட்டும். எக்ஸ்ரே காட்டுவது சுண்ணாம்பின் நிழலை. மச்சையில் தேங்கிய நீரை அது காட்டாது. 1980களின் பிற்பகுதியில் எம்ஆர்ஐ பரவலான பிறகே இக்காயத்தை மருத்துவர்கள் கண்ணால் கண்டார்கள். அதுவரை 'எலும்புக்குள் வலிக்கிறது' என்று சொன்னவர் மிகைப்படுத்துபவராகவே கருதப்பட்டார். பல பயிற்சிக் களங்களில் இன்றும் அப்படித்தான் கருதப்படுகிறார்.

தமிழுக்கு இந்தக் காயம் புதிதன்று. வெளியே குருதி காட்டாமல் உள்ளே நோகும் காயத்துக்கு நம் மக்கள் வைத்த பெயர் ஊமைக்காயம். மொழியியல் பயின்றவள் என்ற முறையில் இச்சொல்லின் நுட்பத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். காயம் இல்லை என்று இச்சொல் சொல்லவில்லை; காயத்தால் பேச முடியவில்லை என்கிறது. குறையைக் காயத்தின் இருப்பில் வைக்காமல் அதன் வெளிப்பாட்டில் வைக்கிறது. எம்ஆர்ஐ வந்தபின் மருத்துவம் கண்டுகொண்ட வேறுபாட்டை நம் பாட்டிமார் ஒரு தொகைச்சொல்லில் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே, எக்ஸ்ரே பேசாததால் காயமே இல்லை என்ற முடிவுக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

இன்னொரு சொல்லை நாம் படுத்தும்பாடு இதைவிட மோசம். 'வலிதான் வலிமை' என்பது பயிற்சிக் களங்களில் செல்லுபடியாகும் வேதவாக்கு. தமிழில் வலி என்னும் சொல் நோவையும் குறிக்கிறது, ஆற்றலையும் குறிக்கிறது என்பது உண்மையே. ஆனால் பழைய இலக்கியத்தில் வலி என்றால் பெரும்பாலும் ஆற்றல்தான். உடல் வேதனைக்கு நோ, நோவு, நோய் என்ற சொற்கள் இருந்தன. ஒரு சொல் இரு பொருள் பெற்றதனால் அவ்விரு பொருளும் ஒன்றாகிவிடுவதில்லை. சொல்லின் வரலாறு உடலியங்கியல் ஆகாது. குறளில் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. செயலில் இறங்குமுன் ஆற்றலை அளந்துபார் என்பதே அதன் சாரம். அளவறியாமல் தாங்கிக்கொள் என்பதன்று. சொல்விளையாட்டுக்குக் குறளை அழைப்பவர்கள் அந்த அதிகாரத்தையாவது படித்திருக்கலாம்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. சுமை ஏற ஏற எலும்பு உறுதிப்படும் என்பது அறிவியல்தானே என்பார்கள். ஆம். ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதிய நூலிலிருந்து இக்கருத்து வளர்ந்துவந்திருக்கிறது. டென்னிஸ் ஆடுபவரின் ஆடும் கை எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பது அளந்து காணப்பட்ட உண்மை. ஆனால் எப்படித் தடிக்கிறது என்பதை இவர்கள் கேட்பதில்லை. பழுதான எலும்பைச் சில செல்கள் முதலில் அரித்து அகற்றுகின்றன. பிறகே வேறு செல்கள் அங்கே புது எலும்பைக் கட்டுகின்றன. அரிப்பதற்குச் சில வாரங்கள், கட்டுவதற்குச் சில மாதங்கள். அரிப்பு முடிந்து கட்டுமானம் முடியாத இடைக்காலத்தில் அந்த இடம் முன்னைவிட வலுக்குறைந்தே இருக்கும். அப்போது அதே இடத்தில் அடிப்பது, சாரம் கட்டி நிற்கும் சுவரில் சம்மட்டி போடுவதற்கு ஒப்பானது. கன்றல் முறிவாவதும் இப்படித்தான்.

மேலும் ஒன்று. ராப்ளிங், பர், டர்னர் ஆகியோர் எலிகளிடம் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, தொடர்ந்து சுமை ஏற்றினால் எலும்புச் செல்கள் விரைவில் மரத்துப்போகின்றன என்பதையும், சுமார் 8 மணிநேர இடைவெளி கிடைத்தால் அவை மீண்டும் கூருணர்வு பெறுகின்றன என்பதையும் காட்டியது. அதாவது, காயமே படாத எலும்பும் ஓய்வில்தான் உறுதியாகிறது. உள்ளங்கைத் தோல் காய்த்துப்போவதைப் பார்த்து எலும்பும் அப்படியே காய்க்கும் என்று எண்ணுவது தவறான ஒப்புமை. சில மாதங்களில் 'இப்போது அவ்வளவாக வலிப்பதில்லை' என்கிறார்களே, அது உறுதிக்குச் சான்று ஆகாது. உணர்வு வலிக்குப் பழகிப்போனாலும் வலி குறையும்.

'மரபைக் குறைசொல்கிறாய்' என்று இந்த இடத்தில் ஒரு குரல் எழும் என்பதை அறிவேன். நான் சொல்வது நேர்மாறானது: மரபைப் பாதியாக வெட்டியவர்கள் நீங்கள். தென்தமிழகத்தின் வர்ம மரபு, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 இடங்களை வகுத்தது. எங்கே அடிக்க வேண்டும் என்பதை மட்டுமன்றி, அடிபட்டால் எப்படி இளக்க வேண்டும், எப்படித் தடவ வேண்டும், எவ்வளவு காலம் பத்தியம் காக்க வேண்டும் என்பதையும் அதே ஆசான்தான் கற்பித்தார். கன்னியாகுமரி மாவட்டத்தில் கள ஆய்வு செய்து ரோமன் ஸீலர் 2015இல் வெளியிட்ட நூலின் மையமே, அங்கே போரும் மருத்துவமும் பிரிக்கவியலாத ஒரே கலை என்பதுதான். வடநாட்டிலும் மல்யுத்தம் கற்றுத்தரும் பஹில்வானே எலும்பு வைத்தியராகவும் இருந்தார். அடிக்கத் தெரிந்தவனுக்கு ஆற்றவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே அம்மரபுகளின் அறம். 1996இல் வெளியான 'இந்தியன்' படத்தின் வழியாக வர்மத்தைத் தெரிந்துகொண்ட தலைமுறை, இரண்டு விரல்களால் எதிரியை முடக்கும் வித்தையை எடுத்துக்கொண்டது. பத்தியம் திரையில் வரவில்லை. ஆகவே களத்துக்கும் வரவில்லை.

மிஞ்சியிருக்கும் மருத்துவமும் சிதைந்தே கிடக்கிறது. அடிபட்ட அன்றைக்கே சூடான எண்ணெய் ஊற்றி அழுத்தி நீவிவிடுவது இன்று பொதுவழக்கம். உள்ளே கசிவு நிற்காத முதல் இரண்டு மூன்று நாட்களில் சூடும் அழுத்தமும் கசிவைப் பெருக்கும். எலும்பையொட்டிய தசை ஆழமாக நசுங்கியிருந்தால், ஓயாத நீவல் அத்தசைக்குள்ளேயே எலும்பு படிவதற்கும் வழிவகுக்கலாம். அதைவிட அஞ்சத்தக்கது வேறொன்று. வளரிளம் பருவத்தில் முழங்காலை ஒட்டி வரும் எலும்புப் புற்றுநோய் பல வேளைகளில் 'விளையாடும்போது பட்ட அடி' என்றே எண்ணப்படுகிறது. நீவலிலும் கட்டிலும் மாதங்கள் கரைகின்றன. மாட்டுங்காவிலிருந்து இரண்டே நிறுத்தம் தள்ளிப் பரேலில், நாடெங்கிலுமிருந்து புற்றுநோயாளிகள் வந்துசேரும் டாடா மெமோரியல் மருத்துவமனை இருக்கிறது. தொலைவு இங்கே காரணமில்லை. தவறான பெயரே காரணம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, நாளுக்கு நாள் பெருகும் வீக்கம், காய்ச்சல், கால் ஊன்ற முடியாமை, சில வார ஓய்வுக்குப் பின்னும் குறையாத நோவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நீவலுக்குரியதன்று, மருத்துவருக்குரியது.

மருத்துவரிடம் வருவோம். கன்றிய எலும்பு ஒவ்வொன்றுக்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தனியார் நிலையத்தில் அதற்குச் சில ஆயிரங்கள் ஆகும். தினக்கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாது. பெரும்பாலான கன்றல்களுக்கு அது தேவையுமில்லை. நான் கேட்பது ஒரு வாக்கியத்தை. 'ஒன்றுமில்லை' என்பதற்குப் பதிலாக, 'எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை, ஊமைக்காயம் இருக்கலாம், நான் சொல்லும்வரை இந்தக் காலில் அடி படக்கூடாது' என்று சொல்லுங்கள். முன்னது இருப்பையே மறுக்கும் கூற்று. பின்னது கருவியின் எல்லையை ஒப்புக்கொள்ளும் கூற்று. அந்த வேறுபாட்டில் ஒரு பிள்ளையின் ஆறு வாரம் அடங்கியிருக்கிறது. 'டாக்டரே ஒன்றுமில்லை என்றுவிட்டார்' என்ற சொல்லோடு களத்துக்குத் திரும்பும் பிள்ளைக்கு மறுநாளே கம்புதான் காத்திருக்கும்.

ஓய்வு என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைக்கும் மருந்தன்று என்பதையும் கல்விப்புல நண்பர்கள் கணக்கில் கொள்ள வேண்டும். தாராவியில் மாடியறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். குடத்தைத் தூக்கித்தான் ஆக வேண்டும். மின்ரயில் நெரிசலில் நின்றுதான் கல்லூரிக்குப் போக வேண்டும். அப்பிள்ளைக்குப் போட்டிச் சான்றிதழ் என்பது அலங்காரமன்று. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம், ஒரு வேலை, சந்தைவிட்டு வெளியேற ஒரு வழி. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றபோது நாம் அனைவரும் பெருமைப்பட்டோம். பெருமைக்குரியதே. ஆனால் மேடை பெரிதாகும்போது, வலியை மறைத்துக்கொண்டு மேடையேறும் பிள்ளைகளும் பெருகுவார்கள். வலிநிவாரணி மாத்திரையை விழுங்கிவிட்டுக் களமிறங்குவது வீரம் என்று அவர்களுக்கு யார் கற்பித்தது?

ஆகவே பயிற்சியாளர்களிடம் கேட்பவை இவை. எலும்பில் ஒரு புள்ளியில் அழுத்தினால் சுரீரென்று வலித்தால், அந்த உறுப்புக்கு அன்றோடு அடி நிறுத்தம். முதல் மூன்று நாட்கள் சூடும் நீவலும் வேண்டா. துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பதினைந்து இருபது நிமிடம் வைக்கலாம். அது வலியைத் தணிக்கும், எலும்பை ஆற்றாது என்பதும் நினைவிருக்கட்டும். ஆற்றுவது காலம்தான். சில வாரங்களில் ஆறுவதும் உண்டு. மூட்டையொட்டிய கன்றல் பல மாதங்கள் எடுப்பதும் உண்டு. ஓய்வு என்றால் களத்தைவிட்டு விலக்குவது என்று பொருளில்லை. முன்கை நொந்தவன் காலடி பழகட்டும். கால் நொந்தவள் அமர்ந்தபடி கம்பு சுற்றட்டும். நடக்கும்போது வலியில்லை, ஓடும்போது வலியில்லை, ஒற்றைக்காலில் குதித்தால் வலியில்லை என்று படிப்படியாகத் தெளிந்த பின்னரே மென்மையான மோதல், அதன்பின்னரே போட்டி. எலும்பின் வளர்தட்டுகள் மூடாத சிறுவர் சிறுமியரின் கைகால்களைக் கட்டையிலும் கம்பத்திலும் அடித்து 'இறுக்கும்' பயிற்சியை அடியோடு கைவிட வேண்டும். அந்தத் தட்டில் படும் அடி எலும்பின் வளர்ச்சியையே கோணலாக்கிவிடலாம்.

கல்விப்புலத்துக்கும் ஒரு வேண்டுகோள். வர்மம் பற்றிய அடுத்த கருத்தரங்கில் ஏடுகளின் காலக்கணிப்போடு ஓர் அமர்வைப் பத்தியத்துக்கும் ஒதுக்குங்கள். ஆசான்களையும் எலும்பு மருத்துவர்களையும் ஒரே மேசையில் அமர்த்துங்கள். தமிழில் ஒரு பக்க அளவில் ஒரு ஓய்வுச்சீட்டு எழுதித் தாருங்கள்: என்ன காயம், எத்தனை வாரம், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது, எப்போது மருத்துவரிடம் போக வேண்டும். கையெழுத்திட்ட அந்தத் தாள் கையிலிருந்தால், 'பயந்தாங்கொள்ளி' என்ற பெயர் வாங்காமலேயே ஒரு பிள்ளை தன் எலும்பைக் காப்பாற்றிக்கொள்ள முடியும். சுற்றறிக்கைகளும் ஆய்வேடுகளும் ஆயிரக்கணக்கில் எழுதும் நமக்கு இந்த ஒரு பக்கம் பெரிய வேலையன்று.